டிவியில்தான் வெளிச்சம் குறைவு

கிடர்பூர்
10-6-2023

ராம்கிக்கு,

ஆசீர்வாதத்தைக் கோபத்திலிருந்து தனியாகப் பிரித்து முதலில் கொடுத்துவிடுகிறேன். நன்றாக இரு. இனி மற்றது.

உன் பெண் மஹிமாவின் நிச்சயதார்த்தம் முடிந்ததிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. அவளைக் கேட்டால் "அப்பா பிஸி, அத்தை" என்கிறாள். அலிப்பூரில் சர்க்கார் ஆபீசில் ஆயுசெல்லாம் கடிதம் வரைந்தவள் நான். போனை எடுக்காதவனுக்குத் தபால் போடத் தெரியாதா? போனை அணைத்து வைக்கலாம், கதவிடுக்கில் விழுகிற கவரை என்ன செய்வாய்?

விஷயம் இதுதான். ஜனவரியில் நீ பேக்லைட் மாற்றிக் கொடுத்த டிவி மங்கலாகத் தெரிகிறது. சத்தத்தில் குறையில்லை. செய்தி வாசிக்கிற பெண்தான் விளக்கேற்ற மறந்த வீட்டில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி இருக்கிறாள். ரிமோட்டில் வெளிச்சத்தைக் கடைசிவரை கூட்டிவிட்டேன். பிரயோஜனமில்லை.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். இது டிவியா, என் கண்ணா?

அப்பாவுக்கு எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். துறைமுக வேலையிலிருந்து ரிட்டயராகி வந்தவர், கூடத்து டியூப்லைட் சரியில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாமும் புதிது புதிதாக வாங்கி மாட்டினோம். கடைசியில் பார்த்தால் டியூப்லைட் சரியாகத்தான் இருந்தது. கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு செத்துக்கொண்டிருந்தது. "இது குடும்பத்தில் வரும், பிள்ளைகளும் வருஷத்துக்கு ஒருதரம் காட்டிக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் சொன்னார். நீ காட்டிக்கொண்டாயா? நானும் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் கண் ஆஸ்பத்திரியில் நேரம் வாங்கியிருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, ராம்கி. தனியாக இருக்கிறவளுக்குக் கண் போனால் என்ன மிச்சம்? அந்த டிவியைத் திறந்து மூடினவன் நீ. உனக்குத் தெரிந்ததைச் சொல்.

ஜலஜா


நியூ டவுன்
14-6-2023

அக்காவுக்கு நமஸ்காரம்.

கடிதம் வந்தது. கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

டிவிதான். உன் கண் இல்லை.

எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறேன் என்றால், மங்கலாக்கினவனே நான்தான். டிவித் திரைக்குப் பின்னால் பட்டை பட்டையாக எல்.ஈ.டி. பல்புகள் இருக்கும். கம்பெனிக்காரன் கடையில் பளபளவென்று தெரிய வேண்டும் என்பதற்காக அவற்றுக்கு அளவுக்கு மேல் கரண்டு கொடுத்து அனுப்புகிறான். அந்தச் சூட்டிலேயே அவை கருகுகின்றன. புதுப் பட்டை போட்டு அப்படியே விட்டால் இரண்டு வருஷத்தில் மறுபடி அவுட். அதனால் போர்டில் கரண்டின் அளவை வைக்கிற சின்ன ரெசிஸ்டர்களில் ஒன்றைக் கழற்றிவிடுவோம். கரண்டு குறையும், வெளிச்சம் மூன்றில் ஒரு பங்கு குறையும், ஆயுசு கூடும். இந்த ஊரில் டிவி பார்க்கிற மெக்கானிக் எவனைக் கேட்டாலும் இதைத்தான் செய்வான். உனக்கும் செய்தேன். தனியாக இருக்கிறவள், அடிக்கடி கெட்டுப்போகக் கூடாது என்றுதான் செய்தேன்.

அப்பாவின் டியூப்லைட்டில் பழுதில்லை. உன் டிவியில் குறை இருக்கிறது, காரணமும் தெரிகிறது. அதையும் இதையும் முடிச்சுப் போட்டுக்கொண்டு பயப்படாதே. ஆஸ்பத்திரிக்குப் போனால் போ. டிவிக்குப் போட வேண்டிய மருந்தை உன் கண்ணில் போட்டு அனுப்புவார்கள்.

போனை ஏன் எடுப்பதில்லை என்று உனக்கே தெரியும். சம்பந்தி வீட்டார் முன்னால், "தம்பி பெரிய கம்பெனியில சர்வீஸ் மேனேஜர்" என்றாய். எனக்குக் கடை இருக்கிறது, அதில் போர்டு தொங்குகிறது, போர்டில் டிவி ரிப்பேர் என்று எழுதியிருக்கிறது. மாப்பிள்ளைப் பையன் மறுவாரமே அந்த வழியாகப் போனால் என்ன செய்வாய்? அதனால்தான் அங்கேயே, "நான் டிவி மெக்கானிக், எங்க அக்காவுக்கு அதைச் சொல்ல வெட்கம்" என்று சொன்னேன். நீ இலையில் உட்காராமல் போய்விட்டாய். பெண்ணைப் பெற்றவள், வித்யா இன்னும் அதைச் சொல்லி அழுகிறாள்.

ராம்கி


கிடர்பூர்
20-7-2023

ராம்கிக்கு,

"டிவிதான். உன் கண் இல்லை." இந்த வரியைச் சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உன்னைத் திட்டிக்கொண்டே சந்தோஷப்பட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் வேறு நாள் வேண்டுமா என்று கேட்டாள். "வேண்டாம்மா, என் தம்பி பார்த்துட்டான்" என்றேன்.

ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் கரண்டைக் குறைக்க நீ யார்? மங்கலாக நாலு வருஷம் பார்ப்பதா, நன்றாக இரண்டு வருஷம் பார்ப்பதா என்று என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கு நல்லது என்று நீயே முடிவு செய்துகொள்கிறாய். நிச்சயதார்த்தத்தில் நான் செய்ததும் அதுதானே என்று பதில் எழுதுவாய், தெரியும். எழுது. எனக்கு உன்னைச் சொல்ல வெட்கமில்லை. பையன் வீட்டில் எல்லோரும் பேங்க் ஆபீசர்கள். அவர்கள் மஹிமாவை ஒரு படி கீழே வைத்துப் பார்க்கக் கூடாது என்று பயந்தேன். பயத்துக்கும் வெட்கத்துக்கும் வித்தியாசம் தெரியாதவனா நீ?

மூத்தவளைப் பத்துப் பேர் முன்னால் அப்படிச் சொன்னாய். பிறகு எப்படிச் சாதம் இறங்கும்?

சரி, டிவிக்கு வருகிறேன். இப்போது மங்கல் மட்டுமில்லை. இடது பக்கம் கீழ் மூலையில் இருட்டாக இருக்கிறது. திரையின் அடியில் ஓடுகிற செய்தி நடுவிலிருந்து வருகிறது, மூலைக்குப் போவதற்குள் காணாமல் போகிறது. நீ போட்ட புதுப் பட்டையும் போய்விட்டதா? வந்து பார். அந்த ரெசிஸ்டரையும் திருப்பிப் போடு. டிவி சீக்கிரம் செத்தால் சாகட்டும்.

மாடிப்படியில் பல்பு இல்லை போலிருக்கிறது. போன வாரம் கடைசிப் படியை விட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்தேன். பலமான அடியில்லை. காலை வேளையில் படியில் ஏன் இருட்டு என்று ஃபிளாட் செக்ரட்டரியிடம் சண்டை போட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஜலஜா


நியூ டவுன்
3-8-2023

அக்காவுக்கு நமஸ்காரம்.

இப்போது வர முடியாது. அக்டோபரில் உலகக் கோப்பை, கூடவே துர்கா பூஜா. கிரிக்கெட் தொடங்குவதற்குள் டிவி வேண்டும் என்று ராஜர்ஹாட்டில் இருக்கிற மாடி வீடெல்லாம் என் கடை வாசலில் நிற்கிறது. நடக்க இடமில்லாமல் செட்டுகள். பெரிய பேனலை அப்பளம் எடுக்கிற மாதிரி தூக்க வேண்டும், விரிசல் விட்டால் என் தலையில். பூஜா முடிந்ததும் வருகிறேன்.

மூலையில் இருட்டு என்றால் அந்த இடத்தில் ஒன்றிரண்டு பல்பு போயிருக்கும். உட்கார்ந்த இடத்திலிருந்தே சோதிக்கலாம். எப்படி என்று சொல்கிறேன்.

அறை விளக்கை அணைத்துவிடு. டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்வாகப் பிடித்து அந்த இருட்டு மூலையில் அடி. வெளிச்சத்தில் படம் லேசாகத் தெரிந்தால் பேனல் நல்லது, பின்னாலிருக்கும் பல்புதான் போய்விட்டது என்று அர்த்தம்.

அப்புறம் டிவியில் யூடியூபைத் திறந்து வெறும் வெள்ளைத் திரை என்று தேடு, ஒரு படமும் இல்லாமல் வெள்ளையாக வரும். எங்கே இருட்டு தொடங்குகிறதோ அந்த இடத்தில் ஏதாவது ஒட்டி அடையாளம் வை. எந்த இடம், எவ்வளவு அகலம் என்று எழுது. வரும்போது அதற்கேற்ற பட்டையோடு வருகிறேன். பேக்லைட் பழுது இடம் மாறாது. இன்றைக்கு இருந்த இடத்திலேயே நாளைக்கும் இருக்கும்.

பல்பு இல்லாத படியில் தனியாக இறங்காதே.

சாதம் இறங்காதது உனக்கு மட்டுமில்லை. நானும் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அதை யாரும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ராம்கி


கிடர்பூர்
4-9-2023

ராம்கிக்கு,

நீ சொன்னபடி செய்தேன். துணைக்கு எதிர் ஃபிளாட் வங்காளி மாமி, நம் பௌதியைக் கூப்பிட்டுக்கொண்டேன்.

டார்ச் அடித்தேன். மூலையில் ஒன்றும் தெரியவில்லை. டார்ச் வெளிச்சமே அங்கே போய்ச் சேரவில்லை என்றேன். பௌதி, "படுகிறது தீதி, பளிச்சென்று படுகிறது" என்றாள்.

பிறகு வெள்ளைத் திரை. உன் உத்தரவுப்படி அடையாளம் வைக்க வேண்டுமே. நெற்றியிலிருந்த பொட்டை எடுத்து, இருட்டு தொடங்குகிற இடத்தில் ஒட்டினேன். தள்ளிப் போய் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். இருட்டு நகர்ந்து பொட்டைத் தாண்டிவிட்டது. எழுந்து போய் இன்னொரு பொட்டு ஒட்டினேன். உட்கார்ந்தால் அதுவும் இருட்டுக்குள். தலையை ஜன்னல் பக்கம் திருப்பினால் ஜன்னலின் மூலையும் இருட்டு. ஐந்தாறு பொட்டு ஒட்டினேன். கடைசியில் எங்கே ஒட்டினேன் என்று கையால் தடவித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

பௌதி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பூரோ ஷாதா, தீதி" என்றாள். முழுவதும் வெள்ளை. எங்கேயும் இருட்டு இல்லையாம்.

அவளுக்கு வயதாகிவிட்டது, என்ன தெரியும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவள் கையை விடவில்லை.

பேக்லைட் பழுது இடம் மாறாது என்று எழுதியிருந்தாய். இது மாறுகிறது, ராம்கி. நான் எங்கே போனாலும் கூட வருகிறது. வலது கண்ணை மூடினால் முன்னைப் போலவே இருக்கிறது. இடது கண்ணை மூடினால் ஒன்றுமே இல்லை. இத்தனை நாள் ஒரு கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் போலிருக்கிறது.

ஜனவரியில் கழற்றின ரெசிஸ்டர் இதையும் செய்யுமா? செய்யும் என்றால் எழுது.

ஜலஜா


நியூ டவுன்
26-9-2023

அக்கா,

வீட்டுக்கு வராதே என்று நீ சொல்லிவிட்டதால் எழுதுகிறேன்.

உன் கடிதத்தைக் கடையில் நின்றபடி படித்தேன். இடம் மாறுகிற இருட்டு எந்த டிவியிலும் இல்லை. கையில் ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோல் இருந்தது. அதை அணைத்தேனா என்றுகூடத் தெரியாமல் டாக்ஸி பிடித்து உன் வாசலுக்கு வந்தேன். நீ கதவைத் திறந்து என்னைப் பார்க்காமல் என் பக்கத்தில் இருந்த சுவரைப் பார்த்து, "யாரு?" என்றாய். கூடப் பிறந்தவனிடம் கேட்டாய்.

அப்படியே அழைத்துப் போன ஆஸ்பத்திரியில் டாக்டர் ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்டபோது, "தம்பி டிவிதான்னு சொன்னான்" என்றாய். குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. ஊர் பேர் சொல்கிற மாதிரி சொன்னாய். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மறுநாள் வந்து டிவியைத் திறந்தேன், ஞாபகம் இருக்கிறதா? அந்த ரெசிஸ்டரைத் திருப்பி வைத்துப் பற்றவைத்தேன். ஆன் செய்ததும் கூடமே வெளுத்தது. பௌதி கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டாள். நீ திரையைப் பார்த்துக்கொண்டே, "மங்கலாத்தானே இருக்கு, ரெசிஸ்டரை எப்போ போடப் போறே?" என்றாய். போட்டாச்சு அக்கா என்றேன்.  அப்புறம்தான் "வெளியே போ, இனி இங்கே வராதே" என்றாய்.

இப்போது உனக்குத் தெரியாத இரண்டு விஷயம் எழுதுகிறேன். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

ஒன்று. நீ மருந்து விட்டுக்கொண்டு உள்ளே படுத்திருந்தபோது டாக்டரைத் தனியாகக் கேட்டேன். வலது கண் ஜூனிலேயே போயிருக்கும் என்றார். இடது கண்ணை அப்போதே காட்டியிருந்தால் சொட்டு மருந்திலேயே பிடித்து நிறுத்தியிருக்கலாம் என்றார். படிக்கிற அளவுக்கு, தனியாகக் கடைத்தெருவுக்குப் போய்வருகிற அளவுக்குக் கண் இருந்திருக்கும். ஜூன் பதினாலாம் தேதி நான் எழுதினேன். நீ போகவில்லை. இப்போது ஆபரேஷன் செய்தாலும் அழுத்தம்தான் குறையும், மிச்சமிருக்கிற பார்வையும் அதிலேயே அணைந்து போகலாம், செய்யாவிட்டால் நிச்சயம் போய்விடும் என்றார்.

இரண்டு. உன் முதல் கடிதத்தில் அப்பாவைப் பற்றிப் படித்தபோதே கண்ணாகவும் இருக்கலாம் என்று தோன்றியது. கண் என்று எழுதினால் நான் வந்து உன்னை அழைத்துப் போக வேண்டும். இலையை விட்டுப் போனவள் வீட்டுப் படியை நான் முதலில் ஏறுவதா என்று இருந்தது. டிவி என்று எழுதினால் வர வேண்டாம். டிவி என்பதற்குக் காரணமும் கையில் இருந்தது, அதில் பொய்யும் இல்லை. ரெசிஸ்டரைக் கழற்றினது நிஜம், வெளிச்சம் குறைந்தது நிஜம். அந்த நிஜத்தை வைத்துக்கொண்டு மற்றதை நான் பார்க்கவில்லை.

தெரியாமல் செய்தேன் என்று வித்யாவிடமும் மஹிமாவிடமும் சொல்லியிருக்கிறேன். தெரியாமல் இல்லை. அரைகுறையாகத் தெரிந்து செய்தேன்.

ஆபரேஷனுக்கு மஹிமா மட்டும் வந்தால் போதும் என்றாயாம். நான் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். உள்ளே வர மாட்டேன்.

ராம்கி


கிடர்பூர்
6-11-2023

ராம்கி,

அட்டையை வரிக்கு வரி நகர்த்தி, அதன் ஓரத்தில் எழுதுகிறேன். கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். எழுத்து என் கைக்கு இன்னும் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. மஹிமா வாங்கிக் கொடுத்த தடிப் பேனா.

ஆபரேஷன் எப்படி என்று அவள் உனக்குச் சொல்லியிருப்பாள். அழுத்தம் இறங்கிவிட்டதாம். டாக்டருக்குத் திருப்தி. கட்டைப் பிரித்தபோது ஜன்னல் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிந்தது. இன்னும் அவ்வளவுதான் தெரிகிறது. தெரு முனைக்குக்கூடப் பௌதியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான். அவளுக்கே முழங்கால் வலி. பூஜாவின்போது பந்தல் வாசலில் என்னை நிறுத்தி, அம்மன் முகம் எப்படியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பாவம், மூச்சு வாங்கியது. நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அழுகையாக வந்தது. அவளுக்காக அடக்கிக்கொண்டேன்.

உன் கடிதம் ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. உன் எழுத்தோ எறும்பு. மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு பார்த்தேன். ஒரு வார்த்தை சேருவதற்குள் முதல் எழுத்து போய்விடுகிறது. "அக்கா" என்று தொடங்கியிருக்கிறாய், நமஸ்காரம் இல்லை, அது வரைக்கும்தான் தெரிந்தது. வந்து படித்துக்கொள்ளலாம் என்று பீரோவில் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

வந்து படிக்க முடியவில்லை.

பௌதியிடம் கொடுத்தேன். தமிழ் எழுத்து அவளுக்கு ஜிலேபி. மஹிமாவிடம் கொடுத்தேன். அவள் தமிழில் சிரிப்பாள், சண்டை போடுவாள், என்னையே மிரட்டுவாள், படிக்க மட்டும் தெரியாது. உன் பெண்ணுக்கு நீயும் சொல்லிக் கொடுக்கவில்லை, நானும் சொல்லிக் கொடுக்கவில்லை. வித்யாவைக் கூப்பிடட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். நீ எனக்கு எழுதினதை உன் பெண்டாட்டி வாயால் கேட்க எனக்கு இஷ்டமில்லை. ஆக, உன் கடிதத்தைப் படிக்க எனக்கு மிஞ்சியிருக்கிறவன் அதை எழுதினவன்தான்.

அதனால் வா. வராதே என்று சொன்னவளே சொல்கிறேன். கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு வராதே, அது அப்படியே இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் நீ நின்றாய் என்று மஹிமா சொன்னாள். அதற்காகவும் கூப்பிடவில்லை. எனக்கு வந்த கடிதத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

என் எதிரில் உட்கார்ந்து சத்தமாகப் படி. நடுவில் நான் திட்டுவேன், நிறுத்தச் சொல்வேன், மறுபடி படிக்கச் சொல்வேன். உன் பாட்டுக்குப் படித்துக்கொண்டே போ.

ஒன்று மட்டும். இவளுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்து, என் மனசுக்கு ஆறுதலாக ஒரு வரியை மாற்றிப் படித்துவிடாதே. எழுதியிருப்பதைப் படி.

ஜலஜா